துரை காடிக்கு ஆயில் சீல்

"முதல்ல மோந்து பாருங்க" என்று போர்மன் அண்ணன் விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். தீபாவளிக்கு மறுநாள் காலை வாசலில் நிற்பதுபோல் கந்தக நெடி. "இது கியர் எண்ணெய்." அடுத்த விரலை நீட்டினார். அதில் அந்த நெடி கிடையாது. லேசாகக் கருகின வாடை, நிறமும் கறுப்பு. "இது என்ஜின்ல இருந்து வர்றது. முன்னால சொட்டுறத காத்து பின்னால அடிச்சிக்கிட்டுப் போயிடும். எல்லாம் ஒரே எண்ணெய்னு நெனச்சிக்கிட்டு எந்தச் சீலையாவது மாத்திட்டுப் போயிடுறாங்க."

ரந்தாவிலிருந்து சிலியாவ் பக்கம் போகும் சாலையை விட்டுச் செம்பனைக்குள் இறங்கும் செம்மண் பாதையின் முடிவில் இருக்கிறது அண்ணன் காடி பழுது பார்க்கும் கொட்டகை. ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம். நெகிரி செம்பிலானின் மற்றத் தோட்டங்களைப் போலவே இங்கும் இப்போது செம்பனைதான். பழைய லயத்தில் நாலைந்து வீடுகள் மிச்சம். கடைசி வீட்டுக்குப் பின்னால் இரும்புத் தூண் நட்டு, தகரம் வேய்ந்து, சிமெண்டுத் தரை போட்டிருக்கிறார்கள். பெயர்ப் பலகை எதுவும் இல்லை. பழைய காடி வைத்திருப்பவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராகச் சிரம்பானிலிருந்தும் போர்ட்டிக்சனிலிருந்தும் வந்து சேர்கிறார்கள்.

நான் போன அன்று நின்றிருந்தது லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ. 88 இஞ்ச் சக்கர இடைவெளி கொண்ட குட்டை வண்டி, உள்ளே இரண்டேகால் லிட்டர் பெட்ரோல் என்ஜின். முன்விளக்குகள் மட்கார்டில் இல்லாமல் நடுவே கிரில்லுக்குள் நெருங்கி உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்தாலே 1960-களின் வண்டி என்று தெரிந்துவிடும். அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் விளக்குகளைப் பக்கவாட்டுக்குக் கொண்டு போனார்கள். வண்டியின் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர், இதே வட்டாரத்துத் தோட்டமொன்றில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டம் பழைய வாகனங்களைக் கழித்துவிட்டபோது இதை வாங்கிப் போட்டிருக்கிறார். துரை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசையா என்று கேட்டேன். "ஆசையெல்லாம் இல்ல தம்பி, மலிவா வந்துச்சு" என்று சிரித்தார். கொட்டகையில் எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மாமாவுக்கு ஒரு மனக்குறை. பட்டணத்தில் ஒரு பட்டறையில் பின்பக்கச் சீலை மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் மறுபடி ஒழுகியது. திரும்பக் கொண்டு போனார், இன்னொரு சீல் போட்டு, சுற்றிலும் சிலிக்கான் பசையையும் அப்பிக் கொடுத்தார்கள். அதுவும் நிற்கவில்லை. "சாமான் சரியில்லைன்னாங்க" என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. சீல் சரியில்லை என்று சொல்லிவிடுவதுதான் இந்தத் தொழிலில் எல்லாவற்றையும் விடச் சுலபம். அன்று பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒழுகும் இடத்தில் குற்றவாளி சீலாக இருப்பது குறைவு. பெரும்பாலும் அடி வாங்கியதுதான் சீல். அடித்தது வேறெங்கோ இருக்கும்.

முதல் வேலை கழுவுவது. மண்ணெண்ணெயும் பழைய பிரஷுமாக அடிப்பாகத்தை அரித்து எடுத்தார்கள். அரை நூற்றாண்டுச் செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்து ஓடுபோல் இறுகியிருந்தன. துடைத்துக் காய்ந்ததும், கொட்டகைப் பையன் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவைக் கொண்டு வந்து கியர் பெட்டி முழுக்கத் தூவினான். வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. மாமா ரந்தாவ் முச்சந்தி வரை ஓட்டிவிட்டுத் திரும்பினார். வெள்ளையில் எண்ணெய் எங்கே கிளம்பி எந்தப் பக்கம் வழிந்தது என்று கோடு கோடாகத் தெரிந்தது. பல பட்டறைகளில் இந்த அரை நாளுக்குத்தான் பொறுமை இருப்பதில்லை.

சீரிஸ் லேண்ட் ரோவரில் எண்ணெய் வெளியேற வழிகள் நிறைய. என்ஜினோடு ஒட்டிய நாலு கியர் பெட்டி ஒன்று. அதன் பின்னால் தொங்கும் டிரான்ஸ்பர் பெட்டி ஒன்று. நான்கு சக்கர ஓட்டத்தையும் தாழ்ந்த கியரையும் கொடுப்பது இந்த இரண்டாவது பெட்டி. அதிலிருந்து முன்சக்கரத்துக்கு ஒரு தண்டு, பின்சக்கரத்துக்கு ஒரு தண்டு. இரண்டும் வெளியே வரும் வாயில் சீல் உண்டு. ஸ்பீடோ மீட்டர் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்னச் சீலும் ஒரு ஓ-ரிங்கும். உள்ளே இடைப் பற்சக்கரம் சுழலும் தண்டின் நுனியில் இன்னொரு ஓ-ரிங். அடித்தட்டின் கேஸ்கெட். இவை போதாதென்று கண்ணுக்குத் தெரியாத சீல் ஒன்று இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த நடுச் சீல் போனால் வெளியே ஒரு சொட்டும் விழாது. மேல் பெட்டியின் எண்ணெய் மெல்ல மெல்லப் பின்பெட்டிக்குள் இறங்கும். மேலே வற்றும், பின்னால் நிரம்பி வழியும். வழிவது பின்சீல் வழியாக. புதுச் சீல் போட்டாலும் வழியும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு பெட்டிகளின் அளவையும் பார்க்க வேண்டும். அண்ணன் டிரான்ஸ்பர் பெட்டியின் மட்டத் திருகைத் திறந்து விரலை விட்டார். எண்ணெய் கொட்டவில்லை, விரல் நுனியில்தான் பட்டது. மேல் பெட்டியில் அளவு சரியாக இருந்தது. "நடுச் சீல் நல்லா இருக்கு. நம்ம அதிர்ஷ்டம்" என்றார். அது போயிருந்தால் வேலை இரண்டு மடங்காகியிருக்கும்.

பவுடரில் தெரிந்த கோடுகள் மூன்று. பெரியது பின்தண்டின் வாயிலிருந்து. அடுத்தது ஸ்பீடோ கேபிள் பக்கம். மூன்றாவது முன்னால், கிளட்ச் இருக்கும் மணிக்கூட்டின் அடித்துளையிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு. அதுதான் கந்தக நெடியில்லாத இரண்டாவது விரல்.

பின்தண்டில் ஒழுகினால் தரை அழுக்காவதோடு போவதில்லை. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் கிடையாது. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்தண்டிலேயே ஒரு டிரம் மாட்டி, அதற்குள் இரண்டு ஷூக்களை வைத்திருக்கிறார்கள். லீவரை இழுத்தால் தண்டு நிற்கும், தண்டு நின்றால் பின்சக்கரம் நிற்கும். சீல் ஒழுகினால் எண்ணெய் நேரே அந்த டிரம்முக்குள் போகும். ஷூ நனைந்துவிட்டால் லீவரை எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. தோட்டத்து மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கும் வண்டிக்கு இது விளையாட்டில்லை. மாமா சில மாதங்களாக டயருக்குக் கீழே வைக்கக் கருங்கல் ஒன்றைப் பின்னால் போட்டுக்கொண்டே திரிந்திருக்கிறார்.

இதே அமைப்பில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரு பின்சக்கரத்தை ஜெக் போட்டுத் தூக்கினால், ஹேண்ட் பிரேக் இறுகப் போட்டிருந்தாலும் வண்டி உருளும். நடுவில் டிப்ரன்ஷியல் இருப்பதால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ளது மறுபக்கம் சுற்றும். அடியில் ஆள் படுத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல வேளையாக லேண்ட் ரோவர் உயரமான வண்டி, தூக்காமலே அடியில் புகுந்து வேலை செய்யலாம். பையன் நாலு டயர்களுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அடித்து இறுக்கின பிறகுதான் அண்ணன் படுத்தார்.

அவர் புரொப்பெல்லர் தண்டின் நாலு நட்டுகளோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில் மாமா கதை சொல்ல ஆரம்பித்தார். தோட்டத்தில் துரை காடி என்றால் இதுதான். கிராணிகளும் டிரெசரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் காசு சேர்த்து மோரிஸ் மைனர் வாங்கினார்கள், துரைக்கு லேண்ட் ரோவர். மண் பாதையில் இது வருகிற சத்தம் கேட்டால் வெட்டு மரத்தில் நிற்பவர்கள் சாயத் தோன்றினாலும் நிமிர்ந்துவிடுவார்களாம்.

ரோவர் நிறுவனம் லேண்ட் ரோவரை உலகத்துக்குக் காட்டியது 1948 ஏப்ரல் 30 அன்று, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம், அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். நம் ஊர் ஈரத்தில் இன்றும் இவ்வளவு வண்டிகள் மிஞ்சியிருக்க அதுவும் ஒரு காரணம். சட்டம் மட்டும் இரும்பு, துருப் பிடித்துச் சாவதும் அதுதான். அதே 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்த அந்த ஆண்டுகளில் தோட்டத் துரைமார் சிலர் தங்கள் வாகனங்களுக்குக் கனத்த இரும்புத் தகடு அடித்துத்தான் வெளியே போனார்கள். அதற்கிடையில் சுதந்திரம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். அந்தத் துண்டாடலில் வேலையும் வீடும் இழந்தவர்களுக்காகத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நிலம் கைமாறியபோது மேசை, நாற்காலி, டிராக்டர், காடி எல்லாமே கைமாறின. பழைய துரை காடிகள் சாதாரண வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த வழிகளில் அது ஒன்று.

புரொப்பெல்லர் தண்டு இறங்கியது. ஹேண்ட் பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களை அண்ணன் சுத்தியல் அடித்துத் திருப்பினார். டிரம் கையோடு வந்தது. உள்ளே ஷூக்கள் எண்ணெயில் குளித்துப் பளபளத்தன. அதற்கும் உள்ளே, தண்டின் நுனியில் கோட்டை மதில் வெட்டியதுபோன்ற பெரிய நட்டு. ஊடே செருகியிருந்த ஸ்பிளிட் பின்னைக் குறடால் நிமிர்த்தி உருவினார். புரொப்பெல்லர் தண்டு மாட்டும் பிளேஞ்சின் துளைகளில் நீளமான இரும்புப் பட்டை ஒன்றைப் போல்ட் போட்டு மாட்டி, அதன் மறுமுனையைத் தரையில் ஊன்றினார். தண்டு சுற்றாமல் இருக்க அந்த ஏற்பாடு. பெரிய பாரின் நுனியில் பையன் தொங்க, டக்கென்று நட்டு விட்டுக்கொடுத்தது.

பிளேஞ்சு வந்ததும் அண்ணன் அதைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். "நெகத்தால தடவிப் பாருங்க." சீலின் உதடு உரசும் பகுதி கண்ணாடிபோல் மின்னியது. அதன் நடுவே சுற்றிலும் ஒரு மெல்லிய வரி. பார்க்கும்போது வெறும் கீறல்தான். நகத்தை வைத்து இழுத்தபோது வரியில் நகம் மாட்டி நின்றது. "நெகம் மாட்டுச்சுன்னா சீல் பிடிக்காது. அவங்க ரெண்டு தடவை புதுச் சீல் போட்டாங்களே, இதத் தடவிப் பார்த்தாங்களா?"

ரப்பர் எப்படி இரும்பை அறுக்கும் என்று கேட்டேன். அறுப்பது ரப்பரில்லை, அதில் வந்து ஒட்டும் மண். சீலின் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே எப்போதும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும். செம்மண் தூசி அதில் சிக்கிவிட்டால், உதடு சாணைபோல் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். சில ஆயிரம் மைல்களில் இரும்பில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் புதுச் சீலை உட்கார வைத்தால், புதுசு சில வாரம் தாங்கும். பிறகு பழைய கதைதான்.

அடுத்தது இன்னொரு சோதனை. பிளேஞ்சைத் தற்காலிகமாக மாட்டி, தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. இருந்திருந்தால் பேரிங் போயிருக்கிறது என்று அர்த்தம், தண்டே தள்ளாடும்போது எந்தச் சீலும் அதைத் துரத்திப் பிடிக்காது. அந்தப் பேரிங்கின் இறுக்கம், ஸ்பீடோ மீட்டர் கூட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்திருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளைப் பொறுத்தது. அதனால் சீல் மாற்றுவதற்காக அந்தக் கூட்டையே கழற்றுகிறவர்களைக் கண்டால் அண்ணனுக்குக் கோபம் வருகிறது. பிரேக்கின் பின்தட்டைக் கழற்றினாலே சீலை வெளியிலிருந்து நெம்பி எடுத்துவிடலாம்.

பின்தட்டில் நான் ரசித்த ஒன்று இருந்தது. சீல் ஒருநாள் ஒழுகத்தான் போகிறது என்று ரோவரின் சோலிஹல் ஆலையில் இதை வரைந்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஒழுகும் எண்ணெய் ஷூவில் படாமல் பிடித்து வெளியே தள்ள ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். மாமாவின் வண்டியில் அதன் வடிகால் செம்மண்ணால் அடைந்து கல்லாகிக் கிடந்தது. பையன் கம்பியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்தான்.

பழைய சீல் நெம்பியில் வந்தது. வெளியே இரும்பு வளையம், உள்ளே கறுப்பு ரப்பர் உதடு, உதட்டைத் தண்டோடு அணைத்துப் பிடிக்க ஒரு நூல் பருமனில் சுருள் ஸ்பிரிங். உதடு நகம்போல் இறுகியிருந்தது, மடக்கினால் விரிசல் விட்டது. இந்த வடிவத்துக்கு முன்னோடி தோல். 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தோல் பதனிடும் பிராய்டன்பெர்க் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் தோல் வளையத்தை இரும்புக் கூட்டில் வைத்துச் செய்தது இன்றும் அவர் பெயரில் சிம்மர்ரிங் என்று வழங்குகிறது. தோல் கொஞ்சம் எண்ணெயைக் குடித்துக் கொஞ்சத்தை வெளியே விடும். பிறகு செயற்கை ரப்பர் வந்து அதைத் துரத்தியது.

செயற்கை ரப்பர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கொட்டகையின் பலகையில் ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. அதில் என்ஜின் எண்ணெய், எண்ணெய்க்குள் சாதாரண ரப்பர் பேண்ட் ஒன்று. பையனுக்குப் பாடம் நடத்த அண்ணன் போட்டு வைத்தது. அது ஊறி உப்பி, புழுவைப்போல் தடித்து, தொட்டால் வழுக்கிப் பிய்ந்து வந்தது. பால்மரத்து ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது. சீலுக்குப் பயன்படுவது நைட்ரைல், 1930-களில் ஜெர்மன் வேதியியலாளர்கள் ஆலையில் உருவாக்கியது. 1942-இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனபோது நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் வரத்து அறுந்தது, செயற்கை ரப்பர் ஆலைகள் அதன் பிறகு பெருகின. இந்தக் கொட்டகையைச் சுற்றி மூன்று தலைமுறை விடியுமுன் எழுந்து வெட்டின பாலில் டயர் செய்தார்கள், செருப்புச் செய்தார்கள். துரை காடியின் எண்ணெயை நிறுத்த மட்டும் அது உதவவில்லை. அண்ணன் கையில் மாட்டியிருந்த நீலக் கையுறையும் நைட்ரைல்தான். அது மட்டும் மலேசியாவிலேயே செய்தது.

புதுச் சீலைச் சிரம்பானில் தேடினால் கிடைத்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். பேரிங் கடையில் ஜப்பான் காடிக்கான சீல்கள் சுவர் முழுக்கத் தொங்கும். மேலே தண்டின் விட்டம், கூட்டின் விட்டம், தடிமன் என்று மூன்று எண்கள் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும், எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கிலாந்து வண்டிக்கு எல்லாம் இஞ்ச் கணக்கு. மில்லிமீட்டர் சீலில் நெருங்கி வரும் அளவு கிடைக்கும், ஆனால் நெருங்கி வருவது போதாது. கூட்டில் ஒரு மயிரிழை தளர்வாக உட்கார்ந்தால் உதட்டில் நின்ற எண்ணெய் வெளிவட்டத்தில் ஒழுகும். பட்டணத்துப் பட்டறை சிலிக்கான் அப்பியது இந்த இடைவெளியை அடைக்கத்தான் என்று அண்ணன் யூகிக்கிறார். மாமா வெளிநாட்டில் ஆர்டர் கொடுத்து, சரியான அளவில் வரவழைத்து வைத்திருந்தார்.

பள்ளம் விழுந்த பிளேஞ்சுக்கு மூன்று வழி. புதுப் பிளேஞ்சு வாங்கலாம். சீலைக் கூட்டில் ஒரு மில்லிமீட்டர் முன்னே நிறுத்தி, உதடு பள்ளத்தை விட்டு நல்ல இரும்பில் உரசும்படி செய்யலாம், காசில்லாதவர்களுக்கு அண்ணன் செய்து கொடுப்பது இதுதான். மூன்றாவது, கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு உறை ஒன்றைப் பள்ளத்தின் மேல் ஏற்றிவிடுவது. மாமாவிடம் உறை இருந்தது. பிளேஞ்சைச் சுத்தம் செய்து, பள்ளத்தில் எபாக்சி தடவி நிரப்பி, உறையை அதோடு வரும் கிண்ணத்தால் தட்டித் தட்டி இறக்கினார். கோணலாக ஒரு அடி விழுந்தால் கசங்கிவிடும். எவ்வளவோ பேசுகிற மனிதர் அந்தச் சில நிமிடங்களில் வாயே திறக்கவில்லை.

சீல் ஏற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கூட்டின் உள்வட்டத்தில் முந்தைய சிலிக்கானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் ஒரு இழை விடாமல் எடுத்தார். இரும்புச் சுரண்டி போட்டால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோடே புது ஓட்டை. ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெய் இருக்கும் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டவர்களும் உண்டாம். உதட்டில் கிரீஸ் தடவினார், உலர்ந்த உதடு முதல் சுற்றிலேயே பொசுங்கிவிடும். ஸ்பிரிங் துள்ளி விழாமல் இருக்கவும் அந்தக் கிரீஸ் உதவும். சீலைக் கூட்டின் வாயில் வைத்து, அதே விட்டமுள்ள பழைய பேரிங் வளையத்தை மேலே வைத்து, ரப்பர்ச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் மாறியது. கடைசியில் கட்டென்று ஒரே சுருதியில் நின்றது. "உக்காந்துடுச்சு" என்றார்.

பிளேஞ்சைத் திரும்ப மாட்டும் முன் தண்டின் பல்வரிகளில் கேஸ்கெட் பசையை மெலிதாகத் தடவினார். சீல் வெளிப்பக்கத்தைத்தான் காக்கும். எண்ணெய் பல்வரிகளின் ஊடாக ஊர்ந்து நட்டுப் பக்கம் வந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். வந்தால் மறுபடி அது ஷூவில்தான் விழும். நட்டை இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போட்டார். பழையதை நிமிர்த்திப் போடலாமே என்று பையன் கேட்டதற்கு அண்ணன் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. ஸ்பீடோ கேபிள் பக்கத்துச் சின்னச் சீலும் ஓ-ரிங்கும் மாற்றக் கொஞ்ச நேரம்தான் ஆனது.

ஷூக்களைப் பெட்ரோலில் கழுவிப் போட்டுவிடலாம் என்றார் மாமா. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. லைனிங் எண்ணெயை உள்வரை குடித்திருக்கும், மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் சூடேறும்போது கக்கும். புது லைனிங்தான். பழைய தூசியைக் காற்றடித்து ஊதவும் விடவில்லை, ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டச் சொன்னார். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், மூச்சில் போனால் நுரையீரலை விட்டுப் போகாது. டிரம்மை மாட்டி, அட்ஜஸ்டரை ஷூ பிடிக்கும் வரை முறுக்கி, இரண்டு கிளிக் தளர்த்தினார்.

எண்ணெய் ஊற்றும்போது சின்ன வாக்குவாதம். மாமா கொண்டு வந்த டின்னில் ஜிஎல்-5 என்று இருந்தது, எண் பெரிசு என்பதால் உசத்தி என்று வாங்கியிருக்கிறார். அதில் கந்தகமும் பாஸ்பரசும் கூடுதல், பழைய பெட்டிகளின் வெண்கல புஷ்களைச் சில வகைகள் அரித்துவிடும். அண்ணன் ஜிஎல்-4 தரத்தில் 90 எண்ணெயை இரண்டரை லிட்டர், மட்டத் திருகில் எட்டிப் பார்க்கும் வரை ஊற்றினார். நிரப்பி வழியவிட்டால் அதுவும் சீலுக்கு விரோதம். மூச்சுத் துளையையும் கம்பியால் குத்திப் பார்த்தார். ஓடிச் சூடேறிய பெட்டிக்குள் காற்று விரியும், அது போக வழியில்லை என்றால் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். பின் அச்சின் மேலுள்ள மூச்சுக் குமிழும் அடைந்துதான் கிடந்தது.

மூலையில் துணி போர்த்தி ஒரு மோரிஸ் மைனர் நின்றிருந்தது. அதற்கும் இதே வேலையா என்று கேட்டேன். பின்பக்கம் ஆமாம், அங்கே சீல் உண்டு, தண்டை உருவினால் மாற்றிவிடலாம். முன்பக்கம் மாற்றுவதற்குச் சீலே கிடையாது! உள்தண்டில் திருகுபோல் ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள், சுற்றும்போது அது எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். நின்றால் இழுக்காது. மூக்கு கீழே பார்க்க இறக்கத்தில் நிறுத்தினால் கிளட்ச் பக்கம் சொட்டும். அதில் ஊற்றுவதும் கியர் எண்ணெய் இல்லை, என்ஜினுக்கு ஊற்றும் அதே எண்ணெய். வேறு காடிக்காரர்கள் பயந்து போகும் சொட்டு மோரிஸ்காரருக்குச் சகஜம். டட்சன் 120ஒய் பற்றிப் பேச அண்ணனுக்கு ஆர்வமே இல்லை. "அதுல என்ன இருக்கு? சீல் எங்கயும் கெடைக்கும், மாத்துனா நிக்கும்."

எல்லாம் முடிந்து மாமா அந்த மூன்றாவது சொட்டைக் கேட்டார், மணிக்கூட்டின் துளையில் கறுப்பாக வருவதை. அண்ணன் தலையாட்டினார். அது என்ஜினின் பின் கிராங்க் சீல். அதைத் தொட வேண்டுமென்றால் தரைத் தகடுகள், நடுச் சுரங்கம், இருக்கைப் பெட்டி எல்லாவற்றையும் போல்ட் போல்டாகக் கழற்ற வேண்டும். பிறகு இரண்டு பெட்டிகளையும் சேர்த்துச் சங்கிலிக் கப்பியில் கட்டி, வண்டிக்குள்ளேயிருந்து மேலே தூக்கி எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சொட்டுக்காக அதைச் செய்யச் சொல்கிற போர்மன், வேலையில்லாத போர்மன் என்றார். கிளட்ச் தட்டில் எண்ணெய் ஏறி வழுக்காதவரை விட்டுவிடலாம். அடிக்கடி என்ஜின் எண்ணெய் அளவை மட்டும் பார்த்தால் போதும்.

"கிளட்ச் தானா தேயும்போது கொண்டாங்க மாமா. ஒரே எறக்குல எல்லாத்தையும் பார்த்துடலாம்."

மாமா சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்: கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், பின் கிராங்க் சீல், கியர் பெட்டி முன்சீல், ரெண்டு பெட்டிக்கும் நடுச் சீல், இடைத் தண்டு ஓ-ரிங்.

"எல்லாம் இஞ்ச்தானே?"

"எல்லாம் இஞ்ச்தான். இப்பவே சொல்லி வைங்க, வந்து சேர நாளாகும்."